ஒரே வவுச்சர் எண் இரண்டு பில்லுக்கு விழுகிறது: பவர் ஆட்டோமேட்டில் கன்கரன்சி, டைம்அவுட் செட்டிங்ஸ் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

நூல்கண்டு (ஞாயிறு, காலை 10:15)

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. ஜாப் ஒர்க் (வெளி யூனிட்களிடம் கொடுத்துச் செய்யும் வேலை) பில்களுக்கு நான்தான் மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டில் ஃப்ளோ (படிகளைத் தானாக வரிசையாகச் செய்யும் அமைப்பு) போட்டு வைத்திருக்கிறேன். பவர் டேபிள் (தையல்) யூனிட், பிரிண்டிங், எம்பிராய்டரி, அயர்னிங் என்று எல்லோரும் ஒரு பொது மெயிலுக்கு பில்லை அனுப்புவார்கள். மெயில் வந்ததும் ஃப்ளோ ஓடும், ஷேர்பாயிண்ட் லிஸ்டில் ஒரு வரி சேரும், வவுச்சர் எண் விழும், மெர்ச்சண்டைசருக்கு (ஆர்டரைக் கவனிப்பவர்) அப்ரூவல் போகும், பிறகு ஜி.எம்.முக்கு, கடைசியில் அக்கவுண்ட்ஸுக்கு. எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

எண் போடும் முறை இது. "கடைசி எண்" என்று ஒரே ஒரு வரி உள்ள தனி லிஸ்ட் இருக்கிறது. ஃப்ளோ அதைப் படிக்கும், ஒன்று கூட்டும், பில்லில் எழுதும், லிஸ்டையும் புதுப்பிக்கும். வார நாட்களில் ஒரு பிரச்சினையும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம்தான் சிக்கல். வாரச் சம்பளம் போடுகிற நாள் என்பதால் எல்லா யூனிட்டும் ஐந்து மணிக்கு மேல் பில்லை ஒன்றாக அனுப்புகிறார்கள். போன வாரம் இரண்டு பில்லுக்கு ஒரே எண். பேமெண்ட் ஷீட் வவுச்சர் எண்ணை வைத்துத்தான் தயாராகும், அதனால் ஒரு பில்லுக்குப் பணம் போனது, இன்னொன்று ஏற்கெனவே கொடுத்ததாகக் கணக்கில் உட்கார்ந்துவிட்டது.

பணம் போகாத யூனிட் பன்னிரண்டு மெஷின் வைத்திருக்கிற ஒரு சின்ன இடம். அந்த அண்ணன் திங்கட்கிழமை காலையிலேயே பில் பிரிண்ட்டையும் டி.சி. (டெலிவரி சலான்) காப்பியையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். தன் ஆட்களுக்கு சனிக்கிழமை கைக்காசு போட்டுச் சம்பளம் கொடுத்தாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. ட்ரிக்கர் (ஃப்ளோவைத் தொடங்கி வைக்கும் படி) செட்டிங்ஸில் கன்கரன்சி கண்ட்ரோல் என்று ஒன்று பார்த்தேன், ஒரே நேரத்தில் எத்தனை ஓட்டம் ஓடலாம் என்பதற்கு. அதை ஆன் செய்து 1 என்று வைத்தால் போதுமா?

இரவு_ஷிஃப்ட் (ஞாயிறு, காலை 10:52)

ஆன் செய்யாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் கண்டுபிடித்த காரணம் சரிதான். அந்த செட்டிங் ஆஃபில் இருக்கும்போது எத்தனை மெயில் வந்தாலும் அத்தனை ஓட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஓடும். முதல் ஓட்டம் "கடைசி எண் 311" என்று படித்துவிட்டு 312 என்று திருப்பி எழுத இரண்டு மூன்று விநாடி ஆகும், அந்த இடைவெளியில் இன்னொரு ஓட்டமும் 311 என்றே படித்துவிடும். இரண்டும் 312.

ஆனால் இப்போது இருக்கிற ஃப்ளோவில் 1 வைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். உங்கள் அப்ரூவலும் அதே ஃப்ளோவுக்குள் இருக்கிறது. முதல் பில்லுக்கு ஜி.எம். அப்ரூவல் கொடுக்கும் வரை அந்த ஓட்டம் முடியாது, அது முடியும் வரை இரண்டாவது பில் உள்ளேயே நுழையாது. அவர் மூன்று நாள் வெளியூர் போனால் மொத்தத் திருப்பூரும் அந்த ஒரு பில்லின் பின்னால் வரிசையில் நிற்கும். வரிசையில் காத்திருக்கும் ஓட்டங்களுக்கும் ஒரு எல்லை உண்டு.

இன்னொன்று, இது முக்கியம்: ட்ரிக்கரில் கன்கரன்சியை ஒரு தடவை ஆன் செய்து சேவ் செய்துவிட்டால் திரும்ப ஆஃப் செய்ய முடியாது. எண்ணை 1-லிருந்து 100 வரை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பழைய நிலை வேண்டுமென்றால் ட்ரிக்கரையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அதனால் முதலில் "சேவ் ஆஸ்" கொடுத்து ஒரு பிரதி எடுத்து அதில் பாருங்கள்.

கோவை_பம்ப்செட் (ஞாயிறு, காலை 11:30)

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு. நாங்களும் இதே குழியில் விழுந்து எழுந்தவர்கள். வழி, ஃப்ளோவை இரண்டாக உடைப்பதுதான். முதல் ஃப்ளோ குட்டையாக இருக்க வேண்டும்: மெயில் வரும், எண் விழும், லிஸ்டில் வரி சேரும், முடிந்தது. இதற்கு மட்டும் கன்கரன்சி 1. பத்து விநாடியில் முடிகிற வேலை என்பதால் அறுபது பில் சேர்ந்து வந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வரிசை கரைந்துவிடும். இரண்டாவது ஃப்ளோ "லிஸ்டில் புது வரி சேர்ந்தால்" என்று தொடங்கட்டும், அதில் அப்ரூவல் இருக்கட்டும், அதன் கன்கரன்சியைத் தொடவே தொடாதீர்கள். அங்கே எல்லா பில்லும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால்தான் நல்லது.

பேரேடு (ஞாயிறு, மதியம் 12:20)

நான் கணக்குப் பக்கத்து ஆள், ஃப்ளோ போடுபவர்கள் எங்களைக் கேட்காமலேயே எண் முறையை முடிவு செய்துவிடுவதால் சொல்கிறேன். இந்த எண் உள்ளுக்குள் பயன்படும் வவுச்சர் எண்ணா, அல்லது நீங்கள் வெளியே கொடுக்கிற வரி இன்வாய்ஸ் எண்ணா? இரண்டுக்கும் விதி வேறு. வெளியே கொடுக்கிற இன்வாய்ஸ் என்றால் சி.ஜி.எஸ்.டி. (மத்திய ஜி.எஸ்.டி.) விதி 46 இருக்கிறது: தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அந்த நிதியாண்டுக்குள் ஒரு எண் ஒரு தடவைதான் வர வேண்டும். உள் வவுச்சருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நடுவில் ஒரு எண் விட்டுப்போனாலும் ஆடிட்டரிடம் காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஒரே எண் இரண்டு தடவை வந்தால்தான் பதில் சொல்ல முடியாது.

நூல்கண்டு (ஞாயிறு, மதியம் 1:05)

உள் வவுச்சர்தான் சார். நன்றி. விட்டுப்போனால் பரவாயில்லை என்று இப்போதுதான் தெரிகிறது, நான் அதற்குத்தான் அதிகம் பயந்துகொண்டிருந்தேன்.

இரவு_ஷிஃப்ட் (ஞாயிறு, மதியம் 1:40)

உள் வவுச்சர், விடுபடலாம் என்றால் அந்தக் "கடைசி எண்" லிஸ்டே எதற்கு? ஷேர்பாயிண்ட் ஒவ்வொரு வரிக்கும் தானாகவே ஒரு ஐடி கொடுக்கிறது. ஒரு லிஸ்டுக்குள் அது இரண்டு தடவை வராது, வரியை அழித்தாலும் பழைய ஐடி திரும்ப வராது. வரி சேர்ந்ததும் அந்த ஐடியை எடுத்து முன்னால் நிதியாண்டைச் சேர்த்து வவுச்சர் எண்ணாக எழுதிவிடுங்கள். கன்கரன்சி செட்டிங்கே தேவையில்லை. எண் கொடுக்கிற வேலையை அதற்கென்றே இருக்கிற இடத்திடம் விட்டுவிடுவதுதான் என் கருத்து.

கோவை_பம்ப்செட் (ஞாயிறு, மதியம் 2:10)

நல்ல யோசனைதான், ஆனால் ஏப்ரல் 1 அன்று ஐடி மறுபடி 1-லிருந்து தொடங்காதே. எங்கள் நிர்வாகம் வருஷா வருஷம் 1-லிருந்து வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது. வருஷத்துக்கு ஒரு புது லிஸ்ட் என்றால் ஃப்ளோவின் ஒவ்வொரு படியிலும் லிஸ்ட் பெயரை மாற்ற வேண்டும், ஒன்றை மறந்தால் பில் பழைய லிஸ்டுக்குப் போகும். அதனால்தான் நாங்கள் குட்டி ஃப்ளோ முறைக்கே வந்தோம்.

இரவு_ஷிஃப்ட் (ஞாயிறு, மதியம் 2:25)

லிஸ்டை மாற்ற வேண்டாம். மார்ச் 31 முடியும்போது கடைசி ஐடி 4312 என்றால் அதை ஒரு இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு முழுக்க ஐடியிலிருந்து 4312-ஐக் கழித்தால் 1-லிருந்து வரும். அந்த எண் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாறும், எத்தனை ஓட்டம் ஒன்றாகப் படித்தாலும் கெடாது.

சிங்கை_வாசி (ஞாயிறு, மாலை 4:00)

ஏப்ரல் 1 என்றதும் ஞாபகம் வந்தது. ஃப்ளோவுக்குள் "இப்போதைய நேரம்" என்று எடுத்தால் யு.டி.சி. (உலகப் பொது நேரம்) நேரம்தான் வரும். எங்களுக்கு எட்டு மணி நேர வித்தியாசம், காலை எட்டு மணிக்கு முன் வந்த கோரிக்கை எல்லாம் முந்தைய நாள் தேதியில் பதிவாகி இருந்தது, மூன்று மாதம் யாரும் கவனிக்கவில்லை. உங்களுக்கு ஐந்தரை மணி. ஏப்ரல் 1 அதிகாலை இரண்டு மணிக்கு வரும் பில் மார்ச் 31 என்று கணக்காகி, பழைய நிதியாண்டு எண்ணில் போய் விழும். "கன்வர்ட் டைம் சோன்" படியைப் போட்டு, பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி என்று ஒன்றாக இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். தினமும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஓடும் ஃப்ளோ என்றால் ட்ரிக்கரிலேயே நேர மண்டலத்துக்கு ஒரு இடம் இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள்.

நூல்கண்டு (ஞாயிறு, இரவு 9:30)

சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பிரதி எடுத்து ஃப்ளோவை இரண்டாக உடைத்தேன். ஐடி முறையைத்தான் எடுத்திருக்கிறேன். முதல் ஃப்ளோ சரியாக ஓடுகிறது. இரண்டாவது ஃப்ளோ நிற்கவே மாட்டேன் என்கிறது! அப்ரூவல் வந்ததும் லிஸ்டில் நிலையை "மெர்ச்சண்டைசர் ஒப்புதல்" என்று மாற்றுகிறேன், உடனே அதே பில்லுக்கு மறுபடி புது அப்ரூவல் போகிறது. ஒரு சோதனை பில்லுக்கு ஆறு அப்ரூவல் போய்விட்டது.

கோவை_பம்ப்செட் (ஞாயிறு, இரவு 9:48)

ட்ரிக்கரை "சேர்ந்தால் அல்லது மாறினால்" என்று வைத்திருப்பீர்கள். நீங்கள் நிலையை மாற்றுவதும் ஒரு மாற்றம்தானே, அது தன்னைத்தானே எழுப்பிவிடுகிறது. "சேர்ந்தால்" மட்டும் உள்ள ட்ரிக்கருக்கு மாற்றுங்கள். மறுபடி சமர்ப்பிக்கிற பில்களுக்காக "மாறினால்" வேண்டும் என்றால் ட்ரிக்கர் செட்டிங்ஸில் ட்ரிக்கர் கண்டிஷன் போடுங்கள்: நிலை "புதியது" என்று இருந்தால் மட்டும் எழு.

பலர் இதை ஃப்ளோவின் முதல் படியில் ஒரு கண்டிஷன் பெட்டியாக வைக்கிறார்கள். அப்படி வைத்தால் ஃப்ளோ எழுந்து, பார்த்து, ஒன்றும் செய்யாமல் படுக்கும். ஹிஸ்டரி முழுக்க வெற்று ஓட்டங்கள் நிறையும், தேட வேண்டிய ஓட்டம் கிடைக்காது. ட்ரிக்கர் கண்டிஷனில் வைத்தால் எழவே எழாது.

எழுதுவதுதான் கொஞ்சம் சிரமம், கையால் தட்ட வேண்டும், ஒரு அடைப்புக்குறி தவறினாலும் சத்தமில்லாமல் ஃப்ளோ ஓடாமல் போகும். ஒரு வழி இருக்கிறது. தற்காலிகமாக "ஃபில்டர் அரே" என்ற படியைச் சேர்த்து அதில் மவுஸால் கண்டிஷனை அமையுங்கள், அதை அட்வான்ஸ்டு மோடுக்கு மாற்றினால் எழுத்து வடிவம் கிடைக்கும். அதை அச்சாக வைத்து ட்ரிக்கருக்கு ஏற்ற மாதிரி திருத்திவிட்டு அந்தப் படியை அழித்துவிடலாம். "நிலை" என்பது சாய்ஸ் வகை (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்) நெடுவரிசை என்றால் அதன் உள்ளே இருக்கும் மதிப்பைக் குறிப்பிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள், பாதிப் பேர் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

பேரேடு (திங்கள், காலை 8:10)

டைம்அவுட் (ஒரு படி எவ்வளவு காலம் காத்திருக்கும் என்ற கெடு) பற்றி யாருமே பேசவில்லையே? எனக்கு அதுதான் பெரிய கவலை. சின்ன யூனிட்களுக்குப் பணம் கொடுக்க எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம், 2006-இன் 15-ஆம் பிரிவில் கெடு இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். நாள் எண்ணிக்கை சரக்கை ஏற்றுக்கொண்ட அன்றிலிருந்து ஓடுகிறது, நம் அப்ரூவல் முடிந்த நாளிலிருந்து இல்லை. அந்த அப்ரூவல் எத்தனை நாள் காத்திருக்கும் என்று எவரும் வைத்திருக்கிறீர்களா?

இரவு_ஷிஃப்ட் (திங்கள், காலை 9:00)

சார் கேட்டது சரியான கேள்வி. ஒன்றும் வைக்காவிட்டால் ஃப்ளோ ஓட்டத்துக்கு இருக்கிற 30 நாள் எல்லைதான். முப்பதாவது நாள் ஓட்டம் அப்படியே முடிந்துவிடும், அப்ரூவலுக்குப் பிறகு இருக்கிற எந்தப் படியும் ஓடாது. பில் லிஸ்டில் "காத்திருக்கிறது" என்றே கிடக்கும். அதற்குள் சட்டத்தின் 15 நாள் இரண்டு தடவை போயிருக்கும்.

அப்ரூவல் படியின் செட்டிங்ஸில் டைம்அவுட் என்ற பெட்டி இருக்கிறது. அதில் காலத்தை ஒரு குறியீட்டில் எழுத வேண்டும். மூன்று நாள் என்றால் பி3டி (P3D). மணி, நிமிடம் என்றால் நடுவில் டி (T) என்ற பிரிப்பு எழுத்து வர வேண்டும்: எட்டு மணி நேரம் பிடி8எச் (PT8H). இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பி1எம் (P1M) என்றால் ஒரு மாதம், பிடி1எம் (PT1M) என்றால் ஒரு நிமிடம். ஒரே ஒரு எழுத்து. எங்களிடம் வந்த ஒருவர் ஒரு மாதம் என்று நினைத்து நிமிடத்தைப் போட்டுவிட்டு, அப்ரூவல் எல்லாம் ஏன் உடனே செத்துப்போகிறது என்று இரண்டு நாள் தேடினார்.

டைம்அவுட் மட்டும் வைத்தால் போதாது. காலம் முடிந்தால் அந்தப் படி தவறியதாகக் கருதப்பட்டு பின்னால் இருப்பவை எல்லாம் ஸ்கிப் ஆகும். அடுத்து ஒரு படி சேர்த்து, அதன் "ரன் ஆஃப்டர்" அமைப்பில் "டைம் அவுட் ஆனால்" என்பதை மட்டும் டிக் செய்யுங்கள், அந்தக் கிளையில் அடுத்த மேலதிகாரிக்கு அப்ரூவலை அனுப்புங்கள். முதலாமவர் பெட்டியில் பழைய கார்டு அப்படியே இருக்கும், அவர் பிறகு அழுத்தினாலும் ஃப்ளோ அதைக் கேட்கப்போவதில்லை. எனவே "இது மேலே போய்விட்டது" என்று அவருக்கு ஒரு மெயிலும் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் தான் ஒப்புதல் கொடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

சிலர் நினைவூட்டலுக்காக அப்ரூவலை "டூ அன்டில்" சுற்றுக்குள் போடுவார்கள். அந்தச் சுற்றுக்கும் தனியாக எல்லை உண்டு, மாற்றாவிட்டால் 60 தடவை அல்லது ஒரு மணி நேரம். அப்ரூவலுக்கு மூன்று நாள் கொடுத்துவிட்டுச் சுற்றின் ஒரு மணி நேரத்தை அப்படியே விட்டால் முதல் சுற்றோடு முடிந்துவிடும். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

கோவை_பம்ப்செட் (திங்கள், மாலை 6:40)

கடைசிப் படிக்கும் ஒரு எச்சரிக்கை. ஒப்புதல் ஆன பில்லைக் கணக்கு மென்பொருளுக்கு இணையம் வழியாகத் தகவல் அனுப்பும் எச்.டி.டி.பி. ஆக்‌ஷன் வழியாக அனுப்புகிறீர்களா? அதன் ரிட்ரை பாலிசியை (தவறினால் மறுபடி முயலும் விதி) பாருங்கள். எதையும் மாற்றாவிட்டால் அது தானாகவே சில தடவை இடைவெளி விட்டு மறுபடி முயலும். எதிர்முனை 408, 429 அல்லது 500 வரிசைப் பிழை கொடுத்தால் இது நடக்கும். தகவலைப் படிப்பதற்கு இது வரம். எழுதுவதற்கு ஆபத்து.

எங்களுக்கு நடந்தது இது. மாதக் கடைசி, எங்கள் சர்வர் திணறிக்கொண்டிருந்தது. ஃப்ளோ ஒரு பில்லை அனுப்பியது, சர்வர் அதைப் பதிவு செய்துவிட்டது, ஆனால் "ஆச்சு" என்று பதில் சொல்ல இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஃப்ளோ இரண்டு நிமிடம்தான் பொறுக்கும். பதில் வரவில்லை என்று மறுபடி அனுப்பியது, மறுபடியும் பதிவானது. காலையில் பார்த்தால் ஒரே சப்ளையருக்கு ரூ.48,500 மூன்று தடவை. ஃப்ளோ ஹிஸ்டரியில் எல்லாம் பச்சை டிக், ஏனென்றால் மூன்றாவது முயற்சிக்குப் பதில் சரியான நேரத்தில் வந்துவிட்டது. அதுதான் என்னை உலுக்கியது.

இப்போது எழுதுகிற படிகளுக்கு ரிட்ரையை "நன்" என்று வைத்திருக்கிறோம். வவுச்சர் எண்ணையும் கூடவே அனுப்புகிறோம், அந்த எண் ஏற்கெனவே இருந்தால் பதிவு செய்யாதே என்று சர்வர் பக்கம் ஒரு சோதனை. தவறினால் ஒரு ஆளுக்கு மெயில் வரும், அவர் பார்த்துவிட்டுத்தான் மறுபடி அனுப்புவார்.

இரவு_ஷிஃப்ட் (திங்கள், இரவு 11:15)

இதோடு ஒன்று. எல்லாப் படிகளையும் ஒரு ஸ்கோப்புக்குள் (படிகளை ஒன்றாகக் கட்டும் பெட்டி) போட்டு, தவறினால் ஓடுகிற இன்னொரு ஸ்கோப்பில் மெயில் அனுப்புவது வழக்கம். அந்த இரண்டாவது ஸ்கோப் நல்லபடியாக முடிந்தால் மொத்த ஓட்டமும் வெற்றி என்று பதிவாகும். அதன் கடைசியில் "டெர்மினேட்" படியைப் போட்டு ஃபெயில்டு என்று குறியுங்கள். ஹிஸ்டரியில் சிவப்பாகத் தெரிய வேண்டியது சிவப்பாகவே தெரியட்டும்.

தறி_நாடா (செவ்வாய், காலை 7:30)

புதிதாகக் கற்றுக்கொள்கிறேன். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஓடும் "அப்ளை டு ஈச்" சுற்றிலும் கன்கரன்சி இருக்கிறதே, அதை 50 வைத்தேன், வேகமாக ஓடியது, ஆனால் ஒரு பில்லின் தொகை இன்னொரு யூனிட் பெயரில் மெயிலாகப் போகிறது. என்ன தப்பு?

இரவு_ஷிஃப்ட் (செவ்வாய், காலை 8:05)

சுற்றுக்குள் "செட் வேரியபிள்" வைத்திருப்பீர்கள். வேரியபிள் (மதிப்பைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) மொத்த ஃப்ளோவுக்கும் ஒன்றுதான். ஐம்பது பேர் ஒரே கரும்பலகையில் ஒரே நேரத்தில் எழுதி அழித்தால் எவர் எழுதியதை எவர் படிப்பார்? வேரியபிளுக்குப் பதில் "கம்போஸ்" போடுங்கள், அது ஒவ்வொரு சுற்றுக்கும் தனி. வேரியபிள்தான் வேண்டும் என்றால் கன்கரன்சியை ஆஃப் செய்யுங்கள். சுற்றில் இருக்கிற செட்டிங்கைத் திரும்ப ஆஃப் செய்ய முடியும், ட்ரிக்கர் மாதிரி இல்லை.

பேரேடு (செவ்வாய், காலை 9:20)

யூனிட்களின் வங்கிக் கணக்கு எண் ஃப்ளோ வழியாகப் போகிறதா? ரன் ஹிஸ்டரியைத் திறந்தால் ஒவ்வொரு படியிலும் அது அப்படியே தெரிகிறது என்று எங்கள் ஆடிட்டர் காட்டினார்.

கோவை_பம்ப்செட் (செவ்வாய், காலை 9:35)

ஆமாம், ஹிஸ்டரி 28 நாள் இருக்கும், ஃப்ளோவுக்கு இணை ஓனராக இருப்பவர்கள் எல்லோரும் பார்க்கலாம். அந்தப் படிகளின் செட்டிங்ஸில் செக்யூர் இன்புட்ஸ், செக்யூர் அவுட்புட்ஸ் இரண்டையும் ஆன் செய்தால் மறைந்துவிடும். ஆன் செய்தபின் பிழை தேடுவது உங்களுக்கும் கஷ்டம்தான், எனவே சோதனை எல்லாம் முடிந்த பிறகு செய்யுங்கள்.

நூல்கண்டு (அடுத்த புதன், இரவு 8:50)

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை பயந்துகொண்டே ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணியிலிருந்து எட்டு மணிக்குள் 63 பில். எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். நடுவில் மூன்று எண் விட்டுப்போயிருக்கிறது, அவை நான் சோதித்து அழித்த வரிகள், அதை ஒரு குறிப்பாக எழுதி அக்கவுண்ட்ஸில் கொடுத்துவிட்டேன்.

டைம்அவுட்டை எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்யத்தான் அதிக நேரம் ஆனது. அது என் முடிவே இல்லை என்று புரிந்தது. ஜி.எம்.மிடம் நேராகப் போய், "சார், நீங்கள் மூன்று நாள் பார்க்கவில்லை என்றால் பில் யாரிடம் போக வேண்டும்?" என்று கேட்டேன். எட்டு மாதத்தில் அவரிடம் இதை யாருமே கேட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஃபேக்டரி மேனேஜர் பெயரைச் சொன்னார், இரண்டு லட்சத்துக்கு மேல் என்றால் தனக்குப் போன் வர வேண்டும் என்றார். மெர்ச்சண்டைசருக்கு இரண்டு நாள், ஜி.எம்.முக்கு மூன்று நாள். 15 நாள் கெடுவுக்குள் அக்கவுண்ட்ஸுக்கு இன்னும் பத்து நாள் மிச்சம் இருக்கும். ரிட்ரையை நன் ஆக்கிவிட்டேன், தேதியையும் நம் நேரத்துக்கு மாற்றிவிட்டேன். ஏப்ரல் 1 அதிகாலையில் ஒரு சோதனை பில் அனுப்பிப் பார்க்க மொபைலில் ரிமைண்டர் வைத்திருக்கிறேன்.

அந்த அண்ணனுடைய விட்டுப்போன பில்லைத் தனி எண்ணில் ஏற்றி நேற்றுப் பணம் போட்டாயிற்று. இந்த வார பில்லும் மெர்ச்சண்டைசரைத் தாண்டிவிட்டது.

பேரேடு (அடுத்த புதன், இரவு 9:10)

மிக்க மகிழ்ச்சி தம்பி. மார்ச் மாதக் கடைசி ஐடியை எழுதி வைக்கும் பொறுப்பை இப்போதே ஒருவர் பெயரில் போட்டுவிடுங்கள்.

நூல்கண்டு (அடுத்த புதன், இரவு 9:14)

என் பெயரிலும் அக்கவுண்ட்ஸ் அக்கா பெயரிலும் போட்டிருக்கிறேன் சார். ஒருவர் லீவு என்றாலும் இன்னொருவர் இருப்பார்.